செவ்வாய்க்கிழமைக்கு உரியவர்

கட்டி சிறியது என்றார் மருத்துவர்.
கோதுமை மணி அளவா என்று கேட்டேன்.
பட்டாணி, என்றார்.
நாங்கள் பட்டாணியும் விதைக்கிறவர்கள்தான்,
சாலைக்குத் தெற்கே நூற்று அறுபது ஏக்கர்.
அன்றிலிருந்து அந்தப் பக்கம் நான் பார்ப்பதில்லை.

கட்டியை மட்டும் எடுத்துவிட்டு
இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு, சாஸ்கடூனில்.
அல்லது மார்பையே எடுத்துவிடுவது.
பிழைப்பதற்கு இரண்டும் ஒன்றுதான்,
தேர்வு உங்களுடையது, மார்லிஸ்.

ஒன்று மற்றதைவிட மோசமாக இருந்திருந்தால்
எவ்வளவு நிம்மதி.

டெல்மர் லாரியில் கிடந்த தானிய ரசீதின் பின்பக்கம்
கணக்குப் போட்டான்.
போக இருநூற்றுப் பத்து கிலோமீட்டர், வர அதே.
இருபத்தைந்தால் பெருக்கினான். பத்தாயிரத்து ஐந்நூறு.
அடியில் 'பனி' என்று எழுதி
இரண்டு கோடு போட்டான்.
பிறகு எல்லாவற்றையும் குறுக்கே அடித்துவிட்டு
உனக்கு எது வேண்டுமோ அது, என்றான்,
கண்ணாடியின் வெளிப்பக்கத் தூசியை
உள்பக்கமிருந்து துடைத்துக்கொண்டே.

கிர்ஸ்டன் ரெஜைனாவிலிருந்து இரவுதோறும் அழைத்தாள்.
சதவீதங்கள் சொல்வாள், குரல் உடையும்,
மன்னிப்புக் கேட்பாள், மறுபடியும் சதவீதம்.
கார்த் அறுவடை இயந்திரத்தைவிட்டு இறங்கவேயில்லை.
நாலு நாள் வேலையை இரண்டு நாளில் முடித்தான்.
அவனுக்கு அதுதான் அழுகை.

நான் ஜெபித்தேன்.
முழங்கால் இப்போதெல்லாம் ஒத்துழைப்பதில்லை,
பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன் நின்றபடி.
ஆண்டவரே, எது என்று சொல்லும்.
ஜன்னலுக்கு வெளியே வாத்துக்கூட்டம் ஒன்று தெற்கே போயிற்று.
அக்டோபரில் வாத்துகள் தெற்கேதான் போகும்.
அதை அடையாளம் என்று எடுத்துக்கொள்ள
எனக்கு வெட்கமாயிருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து
கோயிலின் கீழ்த்தளத்தில் காப்பிக்கு இறங்கினால்
குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள்.
'மார்லிஸை அழைத்துச் செல்வோர்.'
இருபத்தைந்து கோடுகள், இருபத்தைந்தும் நிரம்பி.
ஒருவர் 'பனி டயர் உண்டு' என்றுகூட எழுதியிருந்தார்.
செவ்வாய்க்கிழமைகள் ஐந்திலும் ஐனார் ஃபோஸ்.
எண்பத்தொரு வயது, ஒரு கண்ணில் புரை.

கோபம் வந்தது. அதைச் சொல்லியாக வேண்டும்.
முடிவு என்னவென்று நான் யாரிடமும் சொல்லவில்லையே.
இவ்வளவு அன்பைத் திருப்பி அனுப்புவதென்றால்
எந்த முகவரிக்கு அனுப்புவது?
லாரியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினேன்.
டெல்மர் சாவியைத் திருப்பவில்லை.
அந்தத் தாளுக்கு நீ கடன்பட்டவள் இல்லை, என்றான்.
முப்பத்தாறு வருடத்தில் அவன் செய்த
மிக நீண்ட பிரசங்கம்.

அப்போதுதான் தெரிந்தது.
வெளிச்சம் எதுவும் இறங்கவில்லை.
களைத்துப்போனவள் கண்ணுக்கு நாற்காலி தெரிவதுபோல் தெரிந்தது.
எடுத்துவிடட்டும், என்றேன்.
ஒரே நாள். ஒரே பயணம்.

கிர்ஸ்டன் அழுதாள். அந்த வாரமே
முன்பக்கம் பட்டன் வைத்த நாலு சட்டைகள் தபாலில் வந்தன.

முந்தின இரவு குளியலறையில்
இடப்பக்கத்தைக் கையில் ஏந்தி நன்றி சொன்னேன்,
இரண்டு பிள்ளைகளின் பசி அறிந்ததற்கும்
அதைத் தந்தவருக்கும்.
யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, செவ்வாய்க்கிழமை,
விடியாத ஏழரைக்கு வாசலில் ஒரு கார்,
எஞ்சினை அணைக்காமல்.
ஐனார். தொப்பி, டை.
கதிர்வீச்சு இல்லையே ஐனார், தாளைக் கிழித்துவிட்டார்களே?
தெரியும், என்றார். ஆனால் பெயர் கொடுத்துவிட்டேன்.

இடக்கை நுழையாத கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டேன்.
சீட் பெல்ட்டுக்கும் தையலுக்கும் நடுவே வைக்க
சின்னத் தலையணை ஒன்று கொண்டுவந்திருந்தார்.
குப்பைக்கிடங்குவரை போனோம்,
அவருக்கு ஒரு பழைய ஹீட்டரைப் போட வேண்டியிருந்தது.
நடுச்சாலையில் ஓட்டினார்.
எதிரே யாரும் வரக்கூடாதென்று
வழியெல்லாம் ஜெபித்தேன்.
இந்த முறை
உடனுக்குடன் பதில் கிடைத்தது.